கூடிச் செய்யும் பயிற்சி: ஜப்பானிய முதியோரும் வானொலியும்

ஐம்பது வயதைக் கடந்தவர்களின் உடல்நலம் என்றாலே இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றும்தான் பேச்சில் முன்னே வந்து நிற்கின்றன. இம்மூன்றும் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டுத் தாளில் எண்ணாகக் கைக்கு வந்துவிடுகின்றன என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அப்படி எந்தத் தாளிலும் ஏறாமல் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருவது தசையின் வலிமை. நடுவயதிலேயே தொடங்கும் இந்தக் குறைவு அறுபதுக்குப் பிறகு விரைவுபடுகிறது. தசையின் அளவு குறைவதைக் காட்டிலும் அதன் வலிமை வேகமாகக் குறைகிறது. அதிலும், கால் இடறும் நொடியில் உடலைச் சட்டென்று நிலைநிறுத்த உதவுகிற, விரைந்து சுருங்கும் வகைத் தசை இழைகளே கூடுதலாக மெலிகின்றன. இந்நிலைக்கு அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் 1989-இல் ‘சார்கோபீனியா’ என்று பெயரிட்டார். முதுமைத் தசையிழப்பு என்று தமிழில் இதனைக் கூறலாம். தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமற் போவதும், பேருந்துப் படியில் கால் வைக்கும் முன்பே கை கம்பியைத் தேடுவதும் இதன் தொடக்க அடையாளங்களாக இருக்கக்கூடும். ஆனால் வயதானால் அப்படித்தான் என்று வீட்டாரும் உரியவரும் ஒருசேர முடிவு செய்துவிடுவதால், அவை மருத்துவரின் காது வரை போவது அரிது.

இந்த இழப்பை ஓரளவுக்குத் திருப்பிவிட முடியும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட செய்தி. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், போஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த, 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு எட்டு வாரங்கள் எடை தூக்கும் கால் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொண்ணூறு வயதிலும் தசை பயிற்சிக்கு இணங்குகிறது என்பதே அன்று பலருக்கும் வியப்பாக இருந்தது. எனினும் பயிற்சி நின்ற சில வாரங்களிலேயே, ஈட்டிய வலிமையில் ஒரு பகுதி கரைந்துபோயிற்று என்ற மற்றொரு முடிவு அதே அளவுக்குப் பேசப்படவில்லை. உண்மையில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். தொடங்கியவர்களும் மிகப் பலர். அடுத்த ஆண்டும் அதைச் செய்துகொண்டிருப்பவர்களே குறைவு. இந்தத் தொடர்ச்சியைத் தனிமனிதரின் மனவுறுதிக்கு விட்டுவிடாமல், நேரம், இடம், அக்கம்பக்கத்தார் ஆகியவற்றின் ஏற்பாடாக மாற்றிக்கொண்ட நாடு என்ற வகையில் ஜப்பானின் பட்டறிவு கூர்ந்து நோக்கத் தக்கது. அந்த ஏற்பாட்டில் வானொலிக்கும் பெரும் பங்கு உண்டு.

‘ராஜியோ தைசோ’ என்று ஜப்பானியர் அழைக்கும் வானொலி உடற்பயிற்சி, பேரரசர் ஹிரோஹிட்டோவின் முடிசூட்டு விழாவை ஒட்டி, 1928 நவம்பர் 1 அன்று தோக்கியோவிலிருந்து முதன்முதலாக ஒலிபரப்பாயிற்று. அதன் வித்து அமெரிக்காவினுடையது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1925 முதல் காலைதோறும் வானொலியில் பயிற்சி நிகழ்ச்சி ஒன்றை நடத்தி வந்தது. அதைக் கண்டறிந்த ஜப்பானிய அஞ்சல் ஆயுள் காப்பீட்டுத் துறையினர் தம் நாட்டுக்கு அதைக் கொண்டு வந்தனர். காப்பீடு செய்துகொண்டவர் நெடுநாள் வாழ்ந்தால் சந்தா நெடுநாள் வரும், இழப்பீடு தள்ளிப்போகும் என்ற கணக்கு இதன் பின்னால் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பொதுநலனும் வணிகக் கணக்கும் ஒரே திசையில் நடக்கும் அரிய தருணங்களில் இதுவும் ஒன்று. அஞ்சலகங்கள் நாடெங்கும் இருந்ததால் பயிற்சியைப் பரப்பவும் தனியாக ஓர் அமைப்பு தேவைப்படவில்லை. 1930-இல் தோக்கியோவின் காந்தா பகுதியில் ஒரு காவலர் சிறுவர்களை விடியற்காலையில் திரட்டிப் பயிற்சி செய்ய வைத்ததிலிருந்து, வீட்டுக்குள் செய்யப்பட்டு வந்த பயிற்சி தெருமுனைக்கும் கோயில் முற்றத்துக்கும் வந்து கூட்டுச் செயலாயிற்று.

கூட்டுச் செயலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. போர்க்காலத்தில் இதே பயிற்சி அரசுக்குக் கீழ்ப்படியும் மக்களை வரிசையில் நிறுத்தும் கருவியாயிற்று. ஜப்பான் கைப்பற்றியிருந்த கொரியா, தைவான் மக்களும் அதே இசைக்குக் கை உயர்த்த வேண்டியிருந்தது. அதனாலேயே போர் முடிந்து அமெரிக்கப் படைகளின் ஆட்சி நடந்த ஆண்டுகளில் இது ஐயத்துடன் பார்க்கப்பட்டது. 1946-இல் மாற்றியமைக்கப்பட்ட புதிய வடிவமும் அடுத்த ஆண்டே நின்றது. இன்று வழக்கிலுள்ள வடிவம் 1951-இல் தொடங்கியது. பதின்மூன்று அசைவுகளைக் கொண்ட அதன் முதல் பகுதி மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக நீள்கிறது: கைகளை மேலே நீட்டி முதுகை நிமிர்த்துவதில் தொடங்கி, பக்கவாட்டில் வளைதல், இடுப்பைத் திருப்புதல், இரு கால்களாலும் குதித்தல் என்று சென்று ஆழ்ந்த மூச்சில் முடிகிறது. தேசிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. நாள்தோறும் காலை 6.30-க்குப் பியானோ இசையுடன் இதை ஒலிபரப்புகிறது. குதிக்கவும் நெடுநேரம் நிற்கவும் இயலாதவர்களையும் கருத்தில் கொண்டு 1999-இல் ‘மின்னா நோ தைசோ’, அதாவது எல்லோருக்குமான பயிற்சி, உருவாக்கப்பட்டது; தொலைக்காட்சியில் இதைக் காட்டும்போது, நின்று செய்பவர்களுடன் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தபடி செய்து காட்டுவார். அமர்ந்து செய்பவரை ஓரத்தில் தள்ளாமல் அதே சட்டகத்துக்குள் வைத்திருப்பது சிறிய செயல்தான் என்றாலும், இயலாமையை வெட்கமாகக் கருதி வீட்டில் தங்கிவிடும் முதியவருக்கு அது சொல்லும் செய்தி பெரியது.

காலை 6.30 என்ற அந்த நேரத்தின் பயனை எளிதில் குறைத்து மதிப்பிட்டுவிடலாம். எப்போது செய்வது என்று நாள்தோறும் முடிவெடுக்க வேண்டிய வேலையை வானொலி எடுத்துக்கொள்கிறது. பூங்காவில் இருபது பேர் நிற்கும் இடத்தில் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது ஒருவர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டுவார். பதிவு செய்த ஒலியை விரும்பிய நேரத்தில் கேட்கும் வசதி வந்த பின்னும், நேரம் குறித்த ஒலிபரப்பு தன் இடத்தை இழக்காமல் இருப்பதற்கு இதைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் வானொலிப் பயிற்சிக்கு ஓர் எல்லை உண்டு. மூட்டுகளைத் தளர்த்தவும் இரத்த ஓட்டத்தைத் தூண்டவும் அது உதவுமேயன்றி, தசையை வளர்க்கும் அளவுக்குப் பளு அதில் இல்லை. இந்தக் குறையை நிரப்பியது ஒரு நகராட்சி. ஷிகோகு தீவிலுள்ள கோச்சி நகரம் 2002-இல் ‘இக்கிஇக்கி ஹ்யாகுசாய் தைசோ’ என்ற பயிற்சியை வகுத்தது. துடிப்புடன் நூறு வயது வரை வாழ்வதற்கான பயிற்சி என்பது அதன் பொருள். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டிக்கொள்ளும் துணிப்பட்டை ஒன்று, அதிலுள்ள சிறு பைகளில் செருகும் உலோகக் குச்சிகள் சில, முதுகுச் சாய்வுள்ள நாற்காலி ஒன்று ஆகியவையே தேவையான பொருள்கள். குச்சிகளைக் கூட்டியும் குறைத்தும், பளு ஏதும் இல்லாத நிலையிலிருந்து 2.2 கிலோ வரை பத்துப் படிகளாக எடையை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், எழுபது வயதில் ஓடக்கூடியவரும் தொண்ணூறு வயதில் தடி ஊன்றி வந்தவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்து ஒரே பயிற்சியைச் செய்ய முடிகிறது. கையையோ காலையோ மெல்ல உயர்த்தவும், அதே மெதுவுடன் இறக்கவும் வேண்டும். அதற்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லோரும் உரக்க எண்ணுகிறார்கள். எண்ணுவது தாளத்துக்காக மட்டுமன்று. பளு தூக்கும்போது மூச்சை அடக்குவது மனித இயல்பு. அப்படி அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாய்விட்டு எண்ணுபவரால் மூச்சை அடக்க முடியாது.

இத்திட்டத்தின் உயிர்நாடி பயிற்சியில் இருப்பதைவிட அதை நடத்தும் முறையில் இருக்கிறது என்று கொள்வதே சரியாகும். நகராட்சி கூடத்தைக் கட்டவில்லை, ஆசிரியரை நிரந்தரமாக அனுப்பவுமில்லை. குடியிருப்போர் தாமே கூடி முடிவெடுத்து, இடம் பார்த்து, நாற்காலி போட்டுக்கொள்ள வேண்டும். எடைப்பட்டையையும் பயிற்சிக் காணொளியையும் நகராட்சி கொடுக்கும். இயன்முறை மருத்துவரோ செவிலியரோ தொடக்கத்தில் சில முறை வந்து கற்றுக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்வார்கள். அதிகாரி நடத்தும் நிகழ்ச்சி அதிகாரி மாற்றலாகிப் போனதும் முடிந்துபோவது எல்லா நாடுகளிலும் காணும் வழக்கம். இங்கே வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ கதவைத் திறப்பதும், நாற்காலிகளை அடுக்குவதும், வராதவரை விசாரிப்பதும் முதியவர்களின் பொறுப்பாகவே இருப்பதால் அது நீடிக்கிறது. மெல்லும், விழுங்கும் தசைகளுக்கென்று நாவையும் கன்னத்தையும் இயக்கும் ஒரு துணைப் பயிற்சியும் இதனுடன் சேர்ந்து வளர்ந்தது. கோச்சியைப் பின்பற்றி ஜப்பானின் பல நூறு ஊர்களில் இத்தகைய கூடங்கள் தோன்றின.

அரசுக்கு இதில் அக்கறை பிறந்ததற்கும் காரணம் வெளிப்படையானது. 2000-ஆம் ஆண்டு ஜப்பான் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. நாற்பது வயதை எட்டிய எவரும் அதற்குச் சந்தா செலுத்த வேண்டும். படுக்கையில் விழுந்தவரைப் பேணும் செலவின் பெரும்பகுதியை அது ஏற்கிறது. 65 வயதைக் கடந்தோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காடாகிவிட்ட நாட்டில், ஒருவர் தம் காலில் நடமாடும் ஒவ்வோர் ஆண்டும் காப்பீட்டு நிதிக்கு மிச்சம்.

தசையிழப்பை வீட்டிலேயே தோராயமாகக் கண்டறிய, தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஈஜிமா கத்சுயா குழுவினர் பரப்பிய எளிய சோதனை ஒன்றை இங்கே விரித்துரைப்பது பொருந்தும். எவரும் வேட்டியையோ சேலையையோ சற்று உயர்த்தி இதைச் செய்து பார்க்கலாம். நாற்காலியில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, சற்றே முன்குனிந்து, இரு கைகளின் பெருவிரல்களையும் சுட்டுவிரல்களையும் இணைத்து ஒரு வளையமாக்கி, கெண்டைக்கால் தசையின் மிகத் தடித்த பகுதியைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொட முடியாமல் கால் தடித்திருந்தால் நன்று. விரல்கள் சேர்ந்தபின் வளையத்துக்கும் காலுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் தசையிழப்பு இருக்கக்கூடும், மருத்துவரைக் காண்பது நல்லது. கால் வீங்கியிருப்பவர்களுக்கு இச்சோதனை தவறான ஆறுதலைத் தந்துவிடலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கூட்டமாகச் செய்வதில் உடலுக்கென்று தனிப்பயன் உண்டா, அல்லது அது வெறும் ஊக்கம்தானா என்ற கேள்விக்கு, ஐச்சி மாவட்டத்து முதியோர் 11,000-க்கும் மேற்பட்டவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று விடை தேடியது. விளையாட்டுக் குழுக்களில் சேர்ந்து ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுடன் ஒப்பிட்டால், அதே ஒழுங்குடன் குழுவில் சேராமல் பயிற்சி செய்தவர்கள் பிறர் உதவியின்றி வாழ முடியாத நிலையை அடையும் வாய்ப்பு 1.29 மடங்காக இருந்தது. இதிலிருந்து தனிமைப் பயிற்சி வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இயல்பிலேயே நலமும் கலகலப்பும் உடையவர்கள்தாம் குழுவில் சேர்கிறார்கள் என்ற ஐயத்தை இவ்வகை ஆய்வால் முழுதும் நீக்க முடியாது. ஆயினும் ஒருவர் உடுத்திக்கொண்டு வெளியே வருவதும், நான்கு பேரின் பெயரை நினைவில் வைத்திருப்பதும், தேநீர் ஊற்றும் முறை தம்முடையது என்று எழுந்து போவதும்கூட உடலையும் மூளையையும் இயக்கும் செயல்களே என்பதை மறுப்பதற்கில்லை.

கூட்டம் எப்போதும் இனிதே நடக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். கேட்பால் என்னும் விளையாட்டின் வரலாறு இதற்குச் சான்று. மரச்சுத்தியால் பந்தைத் தட்டிச் சிறு வளைவுகளுக்குள் செலுத்தும் இந்த விளையாட்டை, போர் முடிந்து ரப்பர் கிடைக்காத காலத்தில், மரம் மலிந்த ஹொக்கைதோ தீவில், 1947-இல் சுசுகி கசுநோபு சிறுவர்களுக்காக உருவாக்கினார். பின்னாளில் அது முதியோரின் விளையாட்டாகவே ஆகிவிட்டது. அணிக்கு ஐந்து பேர், தலைவர் சொல்லும்படியே அடிக்க வேண்டும் என்பதால், தவறவிட்டவர் மீது மற்றவர்கள் சினம் கொள்ள அதில் நிறைய இடமிருந்தது. கிழவர் விளையாட்டு என்ற முத்திரையும் விழுந்துவிட, அறுபதுகளில் இருப்பவர்கள் அதைத் தவிர்த்தனர். தொத்தோரி மாவட்டத்தில் 1982-இல் தோன்றிய கிரவுண்ட் கோல்ஃப் என்ற விளையாட்டில் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனியே அடித்துக்கொண்டு, ஆனால் சேர்ந்து நடக்கிறார்கள். இரண்டில் பின்னதே முதுமைக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது.

இன்றுவரை தீராத குறை ஒன்றும் உண்டு. பயிற்சிக் கூடங்களுக்கு வருவோரில் பெண்களே பெரும்பான்மையினர். நாற்பது ஆண்டுகள் அலுவலகமே உலகமாக வாழ்ந்து ஓய்வு பெற்ற ஆண், அக்கம்பக்கத்தில் எவரையும் அறியாதவராகவே வீடு திரும்புகிறார். நாற்காலியில் அமர்ந்து உரக்க எண்ணுவது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. அத்தகையவர்களை வெளியே கொண்டுவருவதில் வேறோர் ஏற்பாடு கூடுதலாக உதவியிருக்கிறது. தோக்கியோவின் எதொகாவா வட்டாரத்தில் 1975-இல் தொடங்கி நாடெங்கும் பரவிய முதியோர் பணி மையங்கள், அறுபது வயதைக் கடந்தவர்களுக்குத் தோட்டத்து மரங்களைக் கத்தரித்தல், மிதிவண்டி நிறுத்தங்களை ஒழுங்குபடுத்தல், காகிதக் கதவுகளைப் புதுப்பித்தல் போன்ற இலகுவான வேலைகளைச் சிறு ஊதியத்துக்குத் தருகின்றன. உடல்நலத்துக்காக எடைப்பட்டை கட்டிக்கொள்ள மறுக்கும் ஒருவர், வேலைக்கு அழைத்தால் ஏணியை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுகிறார். முதியோர் பயிற்சித் திட்டம் வகுப்பவர்கள் பயிற்சி என்ற பெயரே இல்லாத சில வாயில்களையும் திறந்து வைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.