இரண்டில் ஒன்று நின்றுபோனால்

(சங்கத்தின் ஞாயிறு சந்திப்பில் பேசியது. வர இயலாதவர்களுக்காக எழுத்தில் தருகிறேன்.)



நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் நம் பார்க்கிங்கில் இப்போது இரட்டை சிலிண்டர் பைக்குகள் மூன்று நிற்பதால், இதைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இந்த விஷயத்தில் நான் ஒருமுறை பணமும் கொடுத்து, மானமும் இழந்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

உங்களில் பலர் ஓட்டுவது ஒற்றை சிலிண்டர் வண்டி. சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் வண்டி நின்றுவிடும். இரட்டை சிலிண்டரில் ஒன்று நின்றாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும். இழுவை பாதியாகிவிடும், சத்தம் மாறும், கைப்பிடி அதிரும். ஆனால் ஓடும். ஓடுகிறதே என்று நாமும் ஓட்டுவோம்.

1992-இல் என் தம்பி மஸ்கட்டில் வேலைக்குப் போனபோது, தன் ராஜ்தூத் 350-ஐ என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். யமஹா ஆர்.டி. 350-ஐத்தான் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் நம் நாட்டில் அந்தப் பெயரில் தயாரித்தது. 347 சி.சி., டூ ஸ்ட்ரோக். சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் தனித் தனியாகக் கார்புரேட்டர், பாயிண்ட், காயில், சைலன்சர். ஒரே கிராங்க்கில் பூட்டிய இரண்டு வண்டிகள் என்றே சொல்லலாம்.

ஒரு சனிக்கிழமை விழுப்புரம் போகும்போது மதுராந்தகம் ஏரிக்கரையில் வலது சிலிண்டர் நின்றுபோனது. ஓரமாக நிறுத்தி, டீ குடித்து அரை மணி நேரம் கழித்து உதைத்தேன். இரண்டும் ஓடின. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி அதே பக்கம் நின்றது. திங்கட்கிழமை ஒரு பட்டறையில் விட்டேன். "பிஸ்டன் போயிருக்கு சார், போர் பண்ணணும்" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு சிலிண்டரையும் போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கூலியோடு 1,900 ரூபாய். அன்று என் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி.

பத்தாம் நாள் அதே வலது பக்கம் நின்றது.

இந்த முறை எங்கள் கிளை அருகே இருந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "சூடானா நிக்குது, ஆறினா ஓடுதா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு பக்கத்துக் காயிலையும் பிளக்கையும் இடம் மாற்றினார். வலது பக்கத்துக்கு இப்போது இடது பக்கத்துக் காயிலும் பிளக்கும் தீப்பொறி தர வேண்டும். வண்டி சூடானதும் மறுபடி வலது பக்கமே நின்றது. "பிளக்கும் காயிலும் நல்லாதான் இருக்கு. கோளாறு அதுக்கு முன்னாடி" என்றார். பாயிண்டின் முகம் கருகியிருந்தது. கண்டென்சர் பழுது. இரண்டையும் மாற்றினார். அரை மணி நேர வேலை. செலவு நூறு ரூபாய்க்குள்.

முதல் பட்டறையை நான் திட்டவில்லை. ஆறினால் ஓடுகிறது என்பது மதுராந்தகத்திலேயே எனக்குத் தெரியும். அதை நான் அவர்களிடம் சொல்லவே இல்லை. தம்பி லீவில் வந்தபோது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "இடம் மாத்திப் பார்த்தீங்களாண்ணே?" கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்த சிலிண்டரை நான் வீணாகக் குடைய விட்டுவிட்டேன். போர் செய்ததைத் திரும்பச் சிறிதாக்க முடியாது.

வங்கியில் கணக்கு உதைத்தால் லெட்ஜரைப் புதிதாக எழுத மாட்டோம். முதலில் வித்தியாசத்தைப் பார்ப்போம். அது 9-ஆல் வகுபட்டால், 54-ஐ 45 என்பதுபோல் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். இரட்டைப்படையாக இருந்தால், அதில் பாதித் தொகை பற்றில் வர வேண்டியது வரவில் ஏறியிருக்கலாம். பிழையே தன் முகவரியைச் சொல்லும். வண்டியிலும் அப்படித்தான்.

முதல் கேள்வி: திடீரென்று நின்றதா, கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறைந்ததா? பிஸ்டன் ரிங், சிலிண்டர் தேய்மானம் எல்லாம் மாதக்கணக்கில் வருவது. சத்தமில்லாமல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் தீப்பொறி அல்லது பெட்ரோல். இரும்பு இடிக்கும் சத்தம் வந்தால் மட்டும் உடனே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டி ஏற்றும் ஆளைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது: எந்தப் பக்கம்? வண்டி ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு, இரண்டு சைலன்சர் குழாயிலும் எஞ்சினை ஒட்டிய இடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். வேலை செய்யும் பக்கம் சுர்ரென்று ஆவியாகும். மற்றது ஈரமாகவே இருக்கும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது: எஞ்சினை அணைத்து அந்தப் பக்கத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. பாதிக் கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடும்.

நான்காவது: இடம் மாற்றுவது. இடது பிளக்கை வலதில், வலதை இடதில் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக்தான். போகாவிட்டால் அடுத்து பிளக் கேப், அடுத்து காயில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது. இரட்டை சிலிண்டரின் பெரிய வசதியே இதுதான். நன்றாக இருக்கும் ஒன்று பக்கத்திலேயே சாட்சியாக நிற்கிறது.

பிளக் காய்ந்திருந்தால் கார்புரேட்டர் பக்கம் போங்கள். அடியிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தினால் பெட்ரோல் வர வேண்டும். வராவிட்டால் டியூப் அடைப்பு, அல்லது உள்ளே ஃப்ளோட் ஊசி ஒட்டியிருக்கும். ஐடிலில் மட்டும் ஒரு பக்கம் நின்று, முறுக்கினால் ஓடினால் பைலட் ஜெட். முறுக்கும்போது மட்டும் நின்றால் மெயின் ஜெட்டைப் பாருங்கள். கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தால் காற்று கூடுதலாகப் புகும். டூ ஸ்ட்ரோக்கில் அதோடு ஓட்டினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டுமே கம்ப்ரஷன் கேஜ். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒரு பக்கம் தெளிவாகக் குறைந்திருந்தால் அப்போது எஞ்சினைத் திறக்கச் சம்மதியுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

புது வண்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கார்புரேட்டர் இல்லாத, எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும் வண்டிகளில், எஞ்சின் ஓடும்போது பிளக் கேப்பைப் பிடுங்கிப் பார்க்கவே கூடாது. ஷாக் அடிக்கும், காயிலும் கெடலாம். ஒரு பக்கம் நின்றபடியே வெகுதூரம் ஓட்டவும் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தால், ஸ்கேனரில் என்ன கோட் வருகிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

போன மழைக்காலத்தில் பி பிளாக் தம்பியின் வண்டி ஒரு பக்கம் நின்றது. ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கலாம் என்று சொன்னார்களாம். "எப்போதிருந்து?" என்று கேட்டேன். "நேற்று வாட்டர் வாஷ் பண்ணினதிலிருந்து அங்கிள்" என்றார். பிளக் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. காற்றடித்து, கேப்பைத் துடைத்து மாட்டினோம். இரண்டு பக்கமும் ஓடியது.

பட்டறைக்குப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து பதில் எழுதிக்கொள்ளுங்கள். திடீரென்றா, மெதுவாகவா? எந்தப் பக்கம்? சூட்டிலா, குளிரிலா? ஐடிலிலா, வேகத்திலா? அதற்கு முன் கடைசியாக வண்டிக்கு என்ன செய்தீர்கள்? நல்ல மெக்கானிக் அந்தச் சீட்டை வாங்கிப் படிப்பார். படிக்காமல் "திறந்து பார்க்கணும்" என்பவரிடம், "முதலில் இடம் மாற்றிப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

1992-இல் என் சட்டைப்பையில் பேனா இருந்தது. சீட்டுதான் இல்லை.