பேயாக வருகிறவள் எந்த ஊர்க்காரி?

சமயபுரத்தில் நின்று பேய்ப்படம் பற்றிப் பேசினால் மாரியாத்தா கோபிக்க மாட்டாளா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஏன் கோபிக்கப் போகிறாள்? கடைசி ரீலில் வேப்பிலையோடு வந்து எல்லாரையும் காப்பாற்றுவதே அவள்தானே!

நான் கேட்க வந்தது ஒன்றுதான். இந்தப் படங்களில் பேயாக வருகிறவள் யார்?

1993-இல் மலையாளத்தில் பாசில் ‘மணிச்சித்திரத்தாழ்’ எடுத்தார். தறவாட்டு வீட்டின் தெற்குப் பக்க அறையில் அடைபட்டுக் கிடந்த நாகவல்லி யார்? தஞ்சாவூர்க்காரி ஐயா, நம்ம பக்கத்துப் பெண்! கேரளத்துத் தியேட்டரில் பேய் தமிழ் பேசியது. 2005-இல் அதே கதை ‘சந்திரமுகி’யாக இங்கே வந்ததும் பேய்க்குத் தெலுங்கு வந்துவிட்டது. 2007-இல் இந்திக்குப் போனது. அங்கே அவள் வங்காளத்துக்காரி. எந்த ஊரில் எடுத்தாலும் பேய் மட்டும் வெளியூர்தான். நம் வீட்டில் பேய் பிறக்காது, பார்த்தீர்களா?

‘சந்திரமுகி’யில் அவள் செய்த குற்றம் என்ன? ஆட வந்தாள், ஒருவனை விரும்பினாள். வேட்டைய ராஜா அவன் தலையை வெட்டினான், அவளை உயிரோடு கொளுத்தினான். நாம் யாரைப் பார்த்துப் பயந்தோம்? எரிந்தவளைப் பார்த்து. எரித்தவன் ‘லகலகலக’ என்றான், விசில் அடித்தோம்!

இதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே, 1963-இல், ஸ்ரீதர் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ எடுத்துவிட்டார். ஜமீன் வாரிசுக்கும் ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் காதல். குறுக்கே நிற்கிற ஜமீன்தார் நம்பியார். காதலர்கள் செத்து மறுபிறவி எடுத்து வந்தால், அந்த மனுஷன் சாகாமல், தோல் சுருங்கி, இன்னும் வெறியோடு உட்கார்ந்திருக்கிறார். படத்தில் பயம் என்றால் அந்தக் கிழவர்தான். கறுப்பு வெள்ளைக் காலத்துக்கு யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

பேயை வெளியூர்க்காரி ஆக்குகிற கூத்து பிலிப்பைன்சிலும் உண்டு. 1984-இல் வந்த ‘ஷேக், ராட்டில் அண்ட் ரோல்’ படத்தில் ஒரு மனனங்கல் வருகிறாள். பகலில் அழகி, ராத்திரியானால் இடுப்போடு பிரிந்து, மேல்பாதி உடம்பு மட்டும் பறக்கும். இந்த வகைப் பேய்களுக்கெல்லாம் பொதுப்பெயர் அஸ்வாங். அஸ்வாங் என்றாலே காபிஸ் மாகாணம் என்று பேர் கட்டிவிட்டார்கள். நாம் மாந்திரீகத்தை மலையாளத்தான் தலையில் கட்டவில்லையா, அப்படித்தான்.

ஆனால் நம் கிராமத்து ஜனங்கள் சினிமா மாதிரி இல்லை. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனை அவர்கள் பேய் என்று விரட்டவில்லை. எல்லையில் நிறுத்தி, சுருட்டும் சாராயமும் படைத்து, காவல் சாமி ஆக்கினார்கள். 1956-இல் எம்.ஜி.ஆர். அந்த வேஷம் கட்டியபோது ஜனம் கும்பல் கும்பலாகப் போய்ப் பார்த்தது.

பேய்ப்படத்துக்கு அந்தப் புத்தி வர 2011 ஆனது. ‘காஞ்சனா’வில் ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்கிய ஒரு திருநங்கையைக் கொன்று புதைக்கிறார்கள். விஷயம் தெரிந்த பிறகு நாயகன் லாரன்ஸ் அவளை விரட்டவில்லை, தன் உடம்பையே கொடுக்கிறார். திருநங்கையாகச் சரத்குமார் நன்றாகத்தான் செய்தார், நானும் கைதட்டினேன். இருந்தாலும் கேட்கிறேன்: அந்த வேஷத்துக்கு ஒரு திருநங்கையைத் தேடிப் பார்த்திருக்கக் கூடாதா?