வெள்ளம் வருமுன் சொல் வரவேண்டும்

(திருநாவலூரில் உழவர் கூடிய அவையில் ஆற்றிய உரை)



கெடிலக் கரையிலுள்ள இவ்வூரில், கெடிலம் பெருகுமுன் நம் காதுக்கு என்ன எட்டுகின்றது என்பதைப் பேச வந்துள்ளேன். நாவலூரில் நாவைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிற்று. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. ஊத்தங்கரையிலும் அவ்வளவே. திசம்பர் 2 விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்து விடப்பட்டது. தென்பெண்ணை கரைபுரண்டது. இங்கிருந்து தொலைவில்லாத அரசூரருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் ஓடியது. முன்னறிவிப்பே இல்லை என்றனர் எதிர்க்கட்சியினர்; முறைப்படி பலமுறை விடுத்தோம் என்றது அரசு. அவ்வழக்கில் தீர்ப்புரைக்க நான் வரவில்லை. விடுத்த அறிவிப்பு எந்தச் சொல்லில் இருந்தது என்பதே என் வினா.

நொடிக்கு ஒன்றரை இலக்கம் கன அடிக்கும் மேல் என்றால், ஆற்றோரக் குடிசையில் இருக்கும் மூதாட்டிக்கு என்ன விளங்கும்? அவர் அறிய வேண்டுவது மூன்றே: நீர் எந்த மேடு வரை ஏறும்? எப்பொழுது வந்து சேரும்? மாட்டை அவிழ்த்துக்கொண்டு எங்கே போவது? இம்மூன்றையும் சொல்லாத அறிவிப்பு, அலுவலகக் கோப்பில் இருக்கும்; ஊரில் இராது.

இனி, கைப்பேசிச் செயலிகளின் பெயர்களைக் கேளுங்கள். வானிலைக்கு நடுவணரசு தந்தது 'மௌசம்'. உழவருக்குத் தந்தது 'மேகதூத்'. இடி மின்னலுக்குத் தந்தது 'தாமினி'. பேரிடர் எச்சரிக்கைக்கு 'சசேத்'. உள்ளே தமிழ் உண்டு என்பர். உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் வாயிற்பலகையைப் படிக்க முடியாதவன் வீட்டுக்குள் எப்படி நுழைவான்? வயலில் இடிக்கு அஞ்சி நிற்கும் நம் உழவன் 'தாமினி' என்றா தேடுவான்? நம் மாநில அரசேனும் தமிழில் பெயரிட்டதா என்றால், 2024-இல் வந்த அதன் செயலியின் பெயர் 'டி.என். அலர்ட்'! வடக்கே இந்தி, இங்கே ஆங்கிலம். நடுவில் நனைகின்றவன் தமிழன்.

மழையின் அளவைச் சொல்வதிலும் இதே நிலை. கனமழை, மிகக் கனமழை, அதி கனமழை என்பர். 20 செ.மீ.க்கு மேற்பட்டால் 'அதி'. நம் பாட்டன் ஓருழவு மழை, ஈருழவு மழை என்றான். ஏர் இறங்கும் அளவுக்கு மண் நனைந்ததா என்பதே அவன் அளவுகோல். கருவியின் அளவு வேண்டா என்று நான் கூறவில்லை. வேண்டும், ஆனால் அதனை மண்ணின் அளவாக மாற்றி உரைக்க ஒருவர் வேண்டும்.

வானம் ஏன் இப்படி மாறிற்று என்பதையும் எளிதில் சொல்லலாம். ஞாலம் வெப்பமேறி வருகின்றது. ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒருநாள் மொத்தமாகக் கொட்டும். ஆதலின் பத்து நாள் தூற வேண்டியது ஒரே இரவில் இறங்குகின்றது. பிறகு நெடுநாள் காய்கின்றது. இதனை உரைக்க ஆங்கிலம் எதற்கு?

நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்வேன், சினங்கொள்ள வேண்டா. 'காலநிலை மாற்றத் தகவமைப்பு' என்று தூய தமிழில் தொடர் அமைத்துவிட்டோம் என்று மகிழ்கின்றோம். அறிஞர் அவைக்கு அது நல்ல சொல். களத்துமேட்டில் அதற்குப் பொருள், மழை தப்பினால் எதை விதைப்பது என்பதே. துண்டறிக்கையில் 'நிலக்கடலை' என்று அச்சிடுகின்றனர். நம் பக்கத்தில் அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டையாயிற்று. பிறப்பால் அயற்சொல்தான், அறிவேன்! எனினும் பயிர் அழியுமுன் செய்தி சேர வேண்டுமானால் மல்லாட்டை என்றே எழுதுங்கள். தூய்மை பேசும் நான் இதனைச் சொல்வது சிலருக்கு வியப்பாகலாம். மக்கள் வாயில் வாழாத தமிழ், தமிழ்க் குடியைக் காவாது.

கல்வராயன் மலைக்குச் செல்லுங்கள். கோமுகியும் மணிமுத்தாறும் அங்கே பிறக்கின்றன. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விதைத்துப் பழகியவர்கள். குறைந்த நீரில் விளையும் பயிரைப் பற்றி அவர்களுக்கு நாம் பாடம் நடத்தப் போகின்றோமாம்! கேட்டு வரவேண்டியவற்றைக் கேளாமல், சொல்ல மட்டுமே போவது என்ன அறிவுடைமை?

செய்து காட்டிய இடமும் அருகிலேயே உண்டு. எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை நடுவாகக் கொண்டு புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு நடுவங்களைத் தொடங்கிற்று. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் மீனவருக்கு உரைத்தனர். 2004 திசம்பர் 26 அன்று, கடலூரை அடுத்த நல்லவாட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து ஊருக்குத் தொலைப்பேசினார். ஊரார் நடுவத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியை முழக்கினர். ஊர் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தது. நாள்தோறும் கடல்நிலை கூறிப் பழகிய குரலாதலின், அன்று அக்குரலை எவரும் ஐயுறவில்லை. இதனை நன்கு எண்ணிப் பாருங்கள். இடர் வந்த நாளில் மட்டும் பேசும் அரசின் குரலுக்கு இந்த நம்பிக்கை வாய்க்காது.

தண்டோராவை 2022-இல் தமிழ்நாட்டரசு நிறுத்தியது. ஒரு பிரிவினரைத் தாழ்த்திய வழக்கம் அது, ஒழிந்தது நன்றே. அதன் இடத்தில் ஊர்தோறும் ஒலிபெருக்கி நாள்தவறாமல் பேச வேண்டும். அலை எட்டாத மலையூர்களுக்குக் கைப்பேசியை நம்பிப் பயனில்லை.

ஆதலின் ஊராட்சியாரிடம் நாம் கேட்க வேண்டியவை பெருஞ்செலவுடையன அல்ல. கெடிலப் பாலத்தின் தூண்களில் மஞ்சளும் செம்மையும் பூசி, ஒவ்வொரு கோட்டின் அருகிலும் 'இதுவரை ஏறினால் கரையோரத் தெருவார் கிளம்புக' என்று தமிழில் எழுதுக. எந்தத் தெருவார் எந்தப் பள்ளிக்குச் செல்வது என்பதை முன்னரே ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்க. அணை திறக்கும் செய்தி வந்தால், கன அடியோடு நிறுத்தாமல், இத்தனை மணிக்கு இந்த மேடு நனையும் என்று உரைக்க. எழுத்தறிந்த இளைஞர் இருவர் தெருவுக்குத் தெரு இதற்குப் பொறுப்பேற்க. வடகிழக்கு மழை தொடங்குமுன் தூண்களுக்கு வண்ணம் பூசியாக வேண்டும்.