ஆயிரம் மகள்களின் தாய்: எலைசா அக்னியூ அம்மையார்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய நினைவுரை)





உடுவிலில் இந்தப் பள்ளியை 1824இல் ஆரம்பித்தவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் என்பது இங்கே படித்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் 1833இல், முப்பத்தாறு வயதிலேயே காலமாகிவிட்டார். அவர் நட்ட கன்றுக்கு அதன்பின் நெடுங்காலம் தண்ணீர் வார்த்த இன்னொருவர் இருக்கிறார். பழைய மாணவிகளாகிய நாம் விசேடமாக நினைக்கவேண்டியவர் அவர் என்பது என் எண்ணம். எலைசா அக்னியூ அம்மையாரைத்தான் சொல்கிறேன்.

அவர் 1807இல் நியூயோர்க் நகரில் பிறந்தார். எட்டு வயதில், பூமிசாத்திர வகுப்பில் ஆசிரியை உலகப் படத்தில் இலங்கையைத் தொட்டுக் காட்டியபோதே, அங்கே போய் நற்செய்தி சொல்வேன் என்று மனத்தில் முடிவு செய்தாராம். பிள்ளைகள் இப்படி எத்தனையோ முடிவு செய்வார்கள். அடுத்த வாரம் மறந்தும் விடுவார்கள். இவர் மறக்கவில்லை. பெற்றோர் காலமாகும் வரை அவர்களைப் பராமரித்துக்கொண்டு காத்திருந்தார். அவர்களுடைய காலத்திற்குப் பின், 1839இல் கப்பலேறி, 1840 தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. மிஷனரிமாரின் மனைவியராகப் பெண்கள் வருவது வழக்கமாயிருந்த காலத்தில், மணமாகாமல் தனித்து வந்த முதற் சிலரில் அவரும் ஒருவர்.

வந்தவர் திரும்பிப் போகவில்லை. நாற்பத்துமூன்று ஆண்டுகளில் ஒரு தடவை கூட விடுமுறையில் தாய்நாடு செல்லவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு, அதற்கு நேரமில்லை என்பதே அவருடைய பதிலாக இருந்தது. 1879இல் பள்ளிப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்று, மானிப்பாயில் லீச் சகோதரிகளுடன் வாழ்ந்து, 1883 ஜூனில் அங்கேயே கண்மூடினார்.

சகோதரிகளே, அவர் வந்த காலத்தை ஒருதரம் எண்ணிப் பாருங்கள். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம். பிள்ளைகளைப் படிப்பு முடியும்வரை விடுதியில் நிறுத்தி வைப்பதே பெரும்பாடு. முடிக்கும் பெண்களுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்து வெளியேறும் வாலிபருக்குப் படித்த மனைவியர் வேண்டும் என்பதும் இந்தப் பள்ளியின் நோக்கங்களுள் ஒன்று. அந்தச் சூழலில், அவருடைய கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் படித்தார்கள். முதலில் தாய், பின்பு மகள், கடைசியில் சில வீடுகளில் பேத்தியும் அவரிடமே படித்தார்கள். அவர்களில் 600 பேருக்கு மேல் கிறிஸ்தவர்களாகப் பள்ளியை விட்டுப் போனதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆசிரியைகளாக, போதகர்களின் துணைவியராக, வீடுவீடாகச் சென்ற வேதாகமப் பெண்களாக, பல குடும்பங்களில் முதன்முதலாக எழுத வாசிக்கத் தெரிந்த தாய்மாராக அவர்கள் வாழ்ந்தார்கள்.

அவருடைய ஊழியத்தில் என்னை மிகவும் கவர்ந்த விஷயத்திற்கு இப்போது வருகிறேன். சுவிசேஷகர் என்றால் மேடையும் கூட்டமும் உரத்த குரலும் நம் நினைவுக்கு வரும். அக்னியூ அம்மையாரின் ஊழியம் அப்படிப்பட்டதல்ல. பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளை அவர் கைவிடவில்லை. ஓய்வு நாட்களில் ஊர் ஊராகச் சென்று, மணமுடித்துப் போன வீட்டில் அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டார். அவளோடு இருந்து வேதம் வாசித்தார், ஜெபித்தார், சுகதுக்கம் விசாரித்தார். தமக்கென ஒரு குடும்பம் இல்லாத அவரை 'ஆயிரம் மகள்களின் தாய்' என்று அழைத்தது இதனால்தான். வகுப்பில் மட்டும் கற்பித்திருந்தால் நல்ல ஆசிரியை என்ற பெயரோடு நின்றிருக்கும். தேடிப் போனதால் தாயானார்.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்லவேண்டும். நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. இந்த மண்டபத்தில் காலை ஜெபத்திற்கு நின்றேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். என்னைப்போன்ற பலர் இங்கே இருக்கிறீர்கள். மதம் மாற்ற வந்த ஒருவரை நாம் எப்படிப் போற்றுவது என்ற கேள்வி உங்களில் சிலர் மனத்தில் எழலாம். அது நியாயமான கேள்வி.

அதை மறைத்துப் பேசுவது அம்மையாருக்கும் மரியாதையல்ல. அவர் மதம் பரப்பத்தான் வந்தார். அதை ஒருநாளும் ஒளிக்கவில்லை. அந்தக் காலத்து விடுதிப் பிள்ளைகளுக்கு, பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயர்கள் சூட்டப்பட்டன. பெற்றோர் வைத்த பெயரை விட்டு வேறு பெயரில் ஒரு சிறுமி வளர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்று நமக்குப் படுகிறது. அன்றும் நம்மவர் பேசாமல் இருக்கவில்லை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இந்துப் பெண்பிள்ளைகளுக்கென்று, நமக்கு அயலிலேயே மருதனார்மடத்தில், இராமநாதன் கல்லூரியை நிறுவினார். ஒரு பக்கத்தார் பெண்ணுக்குப் பள்ளி கட்டியபோது மறுபக்கத்தாரும் கட்டினார்கள். இந்தப் போட்டியில் வென்றது யார் என்று கேட்டால், யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை என்றே சொல்வேன்.

ஆகவே, அம்மையாரின் விசுவாசத்தை ஏற்பவர்கள் அதற்காக நன்றி சொல்லட்டும். என்னைப்போல் ஏற்காதவர்களுக்கும் அவரிடம் படிக்க ஒரு பாடம் இருக்கிறது. அது, ஒரு மனிதரை ஒருதரம் பொறுப்பெடுத்தால் கடைசிவரை விடாமல் இருப்பது.

இதை இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் தம் நாட்டை விட்டு இங்கே வந்து நிலைத்தார். நம்மிலோ எத்தனையோ பேர் இந்த மண்ணை விட்டுப் போய் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் நிலைத்துவிட்டோம். நாம் விரும்பிப் போனவர்களல்ல, போர் துரத்தியது. போன இடங்களிலும் சங்கக் கிளைகள் அமைத்து, கட்டடத்திற்கும் நூலகத்திற்கும் புலமைப்பரிசிலுக்கும் வாரிக் கொடுத்தீர்கள். அதற்குப் பள்ளி என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் எத்தனை பேர் இன்று எங்கே என்று தெரியவில்லை! இடப்பெயர்வோடு தொடர்பு அற்றுப்போனவர்கள், கணவனை இழந்தவர்கள், பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், விழாவிற்கு உடுத்துவர நல்ல சேலை இல்லையே என்று வராமல் இருப்பவர்கள், பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள். வெளிநாட்டு முகவரிகள் நம்மிடம் உண்டு. இவர்களுடைய முகவரி இல்லை.

தொலைபேசியும் மோட்டார் வாகனமும் இல்லாத காலத்தில், அயல்மொழி பேசும் ஒரு பெண் தம் மாணவிகளைக் கிராமம் கிராமமாகத் தேடிப் போனார். கையில் தொலைபேசியோடு இருக்கும் நம்மால் முடியாதா?

இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் நான் வேண்டுவது ஒன்றே. வகுப்பு வகுப்பாகப் பெயர்ப்பட்டியலை எடுப்போம். ஒவ்வொருவரும், தொடர்பற்றுப் போன ஒரு வகுப்புத் தோழியை இந்த ஆண்டில் தேடிக் கண்டுபிடிப்போம். காசு கொடுக்க அல்ல, முதலில் சுகம் விசாரிக்க. தேவை இருந்தால் மற்றது தானாக வரும். ஊரில் இருப்பவர்கள் நேரில் போங்கள். வெளியூரில் இருப்பவர்கள் அழைத்துப் பேசுங்கள்.

அக்னியூ அம்மையாருக்குச் சிலையோ மண்டபமோ எழுப்புவதைவிட இது அவருக்குப் பிடித்திருக்கும். அவர் எழுதி வைத்துப் போன நூல்கள் என்று பெரிதாக எதுவுமில்லை. அவர் விட்டுப்போனது ஆயிரம் மகள்களை. அந்த மகள்களின் வழிவந்த நாம் ஒருவரையொருவர் கைவிடாதிருக்கும்வரை அவருடைய பணி முடிந்ததாகாது.