பட்டறையும் பல சமயமும்
(நமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தொழில் நடத்தும் நம்மவர், தம்மிடம் வேலை செய்யும் பிற சமயத்தினரை எவ்வாறு நடத்துதல் முறை என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தார்கள். கோயில் திருப்பணியைக் குறித்தோ கல்வி நிதியைக் குறித்தோ பேசச் சொல்லியிருந்தால் எமக்கு இலேசாக இருந்திருக்கும். இவ்விஷயத்தில் யாமே குற்றவாளிகளாதலின், முதற்கண் அக்குற்றத்தைச் சொல்லிவிடுகின்றோம்.

எமது இரும்புப் பட்டறையில் கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலையணிவோர் பலர். விரதம் முடியும்வரை அவர்கள் செருப்பணியார். கடைசல் இயந்திரத்தினருகில் இரும்புச் சுருள் சிதறிக் கிடக்குமாதலால் அங்கே வெறுங்காலுடன் நிற்பது அபாயம். ஆகவே அவர்களைக் கணக்கெழுதவும் சாமான் கட்டவும் மாற்றி வைப்போம். பூசைக்கு நேரமாயிற்றென்றால் அரைமணி முன்னதாகவே அனுப்புவோம். இதற்காக ஒருவரும் எம்மிடம் மனு எழுதிக் கொடுத்ததில்லை. இவ்வாறிருக்க, பல வருடம் எம்மிடம் உழைத்த முஸ்லிம் தொழிலாளியொருவர், வெள்ளிக்கிழமை நடுப்பகல் ஜும்ஆத் தொழுகைக்கு ஒரு மணி நேரம் வேண்டி, அதனை மாலையில் ஈடு செய்வதாகவும் சொன்னபோது, "ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்று மறுத்துவிட்டோம். மற்றவரெல்லாம் கேளாமலே பெற்றிருந்தனர் என்பது அப்போது எமக்குத் தோன்றவில்லை. அடுத்த மாதமே அவர் வேறிடம் போய்விட்டார். அவர் போன்ற கைப்பழக்கமுள்ள ஆள் இன்னும் எமக்கு அகப்படவில்லை.

நிற்க. 1958-ஆம் வருடத்துச் சட்டமொன்று, நம் மாநிலத்துத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, பண்டிகைகளுக்கென வேறு 5 நாட்களும் சம்பளத்துடன் விடுமுறை அளிக்கச் சொல்லுகின்றது. நம்மவர் பட்டியலைப் பாருங்கள்: பொங்கல், மாட்டுப் பொங்கல், வருடப் பிறப்பு, ஆயுத பூசை, தீபாவளி. ஐந்தும் தீர்ந்தன! ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வராதவருக்குக் கூலி பிடிக்கப்படுகின்றது. ஐந்துக்கு மேல் கொடுக்கலாகாதென்று அச்சட்டம் தடுக்கவில்லை. அவரவர் பெருநாளுக்கு இரண்டு நாள் தனியே கொடுத்தால் என்ன? நஷ்டமில்லையா எனின், உண்டு; சிலருக்கு இரண்டு நாட்கூலி.

ரம்ஜானில் வேறொரு சங்கடமும் உளது. பிறை கண்ட பின்னரே பெருநாளாதலின், முந்தின இரவில்தான் நிச்சயப்படும். பட்டியலில் அச்சிட்ட தேதி ஒரு நாள் தள்ளிப்போனால், "உமது விடுமுறை நேற்றே போயிற்றே" என்று மேஸ்திரி சொல்லக் கேட்டிருக்கின்றோம். தேதியை அச்சிடாமல் பண்டிகையின் பெயரை மட்டும் அச்சிட்டால் இத்தகராறு எழாது.

அமெரிக்க தேசத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த கிறிஸ்தவத் தபால் ஊழியரொருவரின் வழக்கில், 2023-ஆம் வருடம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் சமயாசாரத்துக்கு இடங்கொடுக்க மறுக்கும் முதலாளி, தன் தொழிலுக்குக் கணிசமான செலவு கூடுமென்று காட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அற்பச் செலவைச் சொல்லித் தப்ப இயலாது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டாதாயினும், அந்தக் கேள்வியை நம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆயுத பூசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இயந்திரத்தைத் துடைத்து எண்ணெயிடுவது வேலை. அதற்குக் குங்குமமிடுவது வழிபாடு. முன்னதைச் சொல்ல நமக்கு அதிகாரமுண்டு. பின்னதைச் சொல்ல இல்லை. கிறிஸ்தவத் தொழிலாளி பூசைக்கு நில்லாமல் பொரிகடலையை மட்டும் பெற்றுச் சென்றால் அதனை அவமதிப்பாகக் கொள்ள வேண்டுவதில்லை. பொரிகடலையும் வேண்டாமென்றால், அவருக்குரிய இனாமை மறக்காமல் கையில் கொடுத்தனுப்புங்கள்.

எமது பட்டறையில் வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டு மணி இப்போது 12.30-க்குப் பதிலாக 1 மணிக்கு அடிக்கப்படுகின்றது. போனவருக்கும் சொல்லியனுப்பியிருக்கின்றோம். இதுவரை பதில் வரவில்லை.