முக்கோணம் மட்டும் ஏன் ஆடுவதில்லை?

(குறுவள மையக் கூட்டத்தில், தொடக்க, நடுநிலை, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்கள் முன்னால் ஆளுக்கு ஏழு தீக்குச்சிகளும், சைக்கிள் வால்வு டியூபில் வெட்டிய சிறு துண்டுகளும் வைத்திருக்கிறேன். ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தின் காலத்திலிருந்து அரவிந்த் குப்தா நாடு முழுக்கக் காட்டிவரும் பொருள்கள்தாம், புதியவை அல்ல. நான்கு குச்சிகளால் ஒரு சதுரம் செய்யுங்கள். மீதி மூன்றால் ஒரு முக்கோணம். இப்போது மூலையைப் பிடித்து அழுத்திப் பாருங்கள்.

சதுரம் சாய்சதுரமாகப் படுத்துவிட்டது. முக்கோணம் அசையவில்லை. இதைத்தான் நாம் சர்வசம முக்கோணங்கள் பாடத்தில் ப-ப-ப கொள்கை என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம். மூன்று பக்க அளவுகளைச் சொல்லிவிட்டால் முக்கோணம் ஒன்றுதான்; கோணத்துக்கு வேறு வழியில்லை. நான்கு பக்கங்களைச் சொன்னால் அப்படி இல்லை. மாணவர்கள் இந்தக் கொள்கையைத் தேர்வில் எழுதுகிறார்கள். ஆனால் எங்கள் மலையில் தோட்டத்துப் படலுக்குக் குறுக்கே ஒரு மூங்கிலை வைத்துக் கட்டுகிற பிள்ளைக்கு, தான் கட்டுவதும் அதே கொள்கைதான் என்று நாம் சொல்வதில்லை.

அடுத்த வேலைக்கு அட்டை வேண்டும். ஒரே அளவுள்ள ஆறு சமபக்க முக்கோணங்களை ஒரு புள்ளியைச் சுற்றி ஒட்டினால் ஆறு அறுபது முந்நூற்று அறுபது. மேசையில் தட்டையாகப் படுத்திருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு ஐந்தை இழுத்து ஒட்டுங்கள். நடுப்புள்ளி தானாக மேலே எழும்பும். குவிமாடத்தின் இரகசியம் இவ்வளவுதான். எல்லா முனைகளிலும் ஐந்து ஐந்தாகச் சேர்த்துக்கொண்டே போனால் இருபது முக்கோணங்களில் பந்து மூடிக்கொள்ளும். அதுதான் இருபதுமுகி. அதன் ஒவ்வொரு முகத்தையும் பக்க நடுப்புள்ளிகளைச் சேர்த்து நான்காகப் பிரித்து, புதிய புள்ளிகளைக் கோளத்தின் பரப்புவரை வெளியே தள்ளினால், இன்னும் உருண்டையாகும். அதில் பாதியை எடுத்துக்கொண்டால் ஜியோடெசிக் குவிமாடம்.

இதை முதலில் கட்டியவர் அமெரிக்கரான பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்றுதான் பலரும் சொல்வோம். அவர் காப்புரிமை பெற்றது 1954-இல். அதற்கு முன்பே, 1926-இல், ஜெர்மனியின் யேனா நகரக் கோளரங்கத்துக்கு வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட் இதே முறையில் இரும்புக் கம்பி வலை பின்னிக் கான்கிரீட் பூசியிருக்கிறார். ஃபுல்லர் அதை உலகறியச் செய்தார். மாண்ட்ரியலில் 1967 கண்காட்சிக்கு அவர் கட்டியது 76 மீட்டர் விட்டமுடையது. 1976-இல் தீப்பிடித்து மேலிருந்த பிளாஸ்டிக் போர்வை எரிந்துபோனது; எஃகுச் சட்டம் இன்றும் நிற்கிறது.

நம் நாட்டில் அகமதாபாத்தின் ரிலீஃப் சாலையில் 1962-இல் காலிகோ ஆலையின் துணிக்கடைக்காக ஒன்று எழும்பியது. வடிவமைத்தவர்கள் கௌதம் சாராபாயும் கிரா சாராபாயும்; நாம் விண்வெளிப் பாடத்தில் சொல்லித் தருகிற விக்ரம் சாராபாயின் அண்ணனும் தங்கையும். ஆலை மூடப்பட்டபின் அது கவனிப்பாரின்றிச் சிதைந்தது.

இனி நாங்கள் கட்டியதற்கு வருகிறேன். முதலில் செய்தித்தாள் குழல்கள். ஒரு மெல்லிய கம்பியில் தாளை மூலையிலிருந்து சாய்வாகச் சுருட்டிப் பசை ஒட்டினால் நல்ல விறைப்பாக வரும். ஆரம் 1 மீட்டர் என்றால் இரண்டே அளவுகள்: 54.7 சென்டிமீட்டரில் 30 குழல்கள், 61.8 சென்டிமீட்டரில் 35 குழல்கள். ஐந்து குழல்கள் சேரும் முனைகள் 6. ஆறு சேர்பவை 10. தரையில் நான்கு சேர்பவை 10. சிறிய குழல்கள் எல்லாம் அந்த ஐந்து சேரும் முனைகளிலிருந்துதான் கிளம்பும். இதை மட்டும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் வரைபடமே வேண்டாம். கட்டி முடித்ததும் எண்ணச் சொல்லுங்கள். முனைகள் 26, விளிம்புகள் 65, முக்கோணங்கள் 40, தரையைச் சேர்த்து முகங்கள் 41. ஆய்லரின் வாய்பாடு, 26-உம் 41-உம் கூட்டி 65 கழித்தால் 2, கையிலேயே வந்துவிடும்.

பிறகு மூங்கிலில் 2 மீட்டர் ஆரத்தில் கட்டினோம். அளவுகள் 109.3, 123.6, மொத்தம் 76 மீட்டர் மூங்கில். முடிச்சுகளுக்கு மலிவான இரும்புத் தகடு கிடைக்குமா என்று பார்த்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்து சேரும்போது எதுவும் மலிவாக இருப்பதில்லை. மிளகு பறிக்கும் நாட்களில் பள்ளிக்கு வராமல் போகிற ஒரு பையன், எட்டாம் வகுப்பு, பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறிக் கொண்டுவந்தான். “ஏணி கட்டுற மாதிரி கட்டினா போதும் சார், மழைக்கும் இளகாது” என்றான். ஆறு மூங்கில் சேருமிடத்தில் எந்தக் கட்டை எதன்மேல் போகவேண்டும் என்று அவன்தான் மற்றவர்களுக்குச் சொன்னான். அளவில் ஒரு விரற்கடை கூடிய மூங்கில் ஒன்று இருந்தது. கடைசி முக்கோணம் சேராமல் நின்றபோது, எது என்று நாற்பது முக்கோணங்களையும் தடவித் தடவி அவர்களே கண்டுபிடித்தார்கள். அன்று இரண்டு பாடவேளைகள் போயின.

சிலர் சட்டம் வேண்டாம், முக்கோணப் பலகைகளையே சேர்த்துக் கட்டலாமே என்று கேட்டீர்கள். கட்டலாம். 54.7, 54.7, 61.8 என்ற இருசமபக்க முக்கோணங்கள் 30, மூன்று பக்கமும் 61.8 உள்ளவை 10. பழைய அட்டைப் பெட்டியில் ஓரத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் மடிப்பு விட்டு வெட்டி, கிளிப் போட்டுச் சேர்த்தால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே ஒரு வாரத்தில் முடிப்பார்கள். ஆனால் குடியிருக்கும் வீட்டுக்கு இது ஏற்றதன்று என்பது என் கருத்து. தரையோரம் பத்தை விட்டால் 55 இணைப்புகள். ஐப்பசி மழைக்கு ஒவ்வொன்றும் ஒழுகும் இடம். பீரோவை வைக்கச் சுவர் இராது. அமெரிக்காவில் குவிமாட வீடு கட்டுவது எப்படி என்று புத்தகம் போட்ட லாய்ட் கான் என்பவரே, தாமும் அதில் குடியிருந்து பார்த்துவிட்டு, அந்தப் புத்தகத்தை மறுபதிப்பிடாமல் நிறுத்திக்கொண்டார். எங்கள் மூங்கில் குவிமாடத்தில் நிழல்வலை போர்த்தி நாற்றுகள் வைத்திருக்கிறோம். மிளகுக் கொடிகள் நன்றாகவே இருக்கின்றன.

மதிப்பெண் கூடியதா என்று கேட்பீர்கள். அந்தப் பருவத் தேர்வில் ப-ப-ப கொள்கையை நன்றாக எழுதியவர்கள் முன்பு எழுதியவர்கள்தாம். டியூப் கொண்டுவந்த பையன் அந்தக் கேள்வியை விட்டுவிட்டான். ஆனால் ‘ஏன்’ என்று வாய்மொழியாகக் கேட்டால், மூன்று குச்சியைக் கையில் எடுத்துச் சரியாக விளக்குகிறான். அதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கு இருபது மதிப்பெண் நம் கையில்தான் இருக்கிறது. ஒப்படைப்புத் தாளை ஒட்டிக் கொடுப்பவருக்கே அதை முழுதாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அவனுக்கு நான் முழுதாகப் போட்டேன். இப்போது ஒன்பதாம் வகுப்பு. மிளகுக் காலத்தில் இன்னமும் வருவதில்லைதான்; முடிந்ததும் வந்துவிடுகிறான்.

பத்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு வேலை. தரையில் அமையும் பத்துகோணத்தின் பக்கம் 2 சைன் 18 டிகிரி. அட்டவணையில் பார்த்தால் 0.618 வரும். சிறிய குழலின் 0.547 எங்கிருந்து வருகிறது என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். இருபதுமுகியின் ஒரு விளிம்பு மையத்தில் தாங்கும் கோணம் ஏறத்தாழ 63 டிகிரி 26 நிமிடம். இந்தக் குறிப்பை மட்டும் கொடுத்தால் போதும்.

பழைய செய்தித்தாள் இரண்டு கட்டுகள் பின்வரிசையில் இருக்கின்றன. தேநீர் முடிந்ததும் அணிக்குப் பதின்மூன்று குழல்கள் வீதம் ஐந்து அணிகளாகச் சுருட்டத் தொடங்கலாம்.