மனதைப் படிக்கப் புறப்பட்ட தொழிலாளி

(பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற மாதம் ஒரு நாள் காலை, முழு நைட் முடிந்து தோழர்கள் வெளியே வரும் நேரத்தில் மில் வாசல் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு சகோதரி வந்தார். ரிங் பிரேமில் சைடு பார்ப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். பிளஸ் டூ தேறியவர். தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தார்.

“தோழர், நான் மனோதத்துவம் படிக்கணும். வேலையை விடாம, செல்போன்லயே படிச்சுப் பட்டம் வாங்கலாங்கிறாங்க. பணம் கட்டட்டுமா?”

பக்கத்தில் நின்றவர்களில் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். அறுந்த நூலை இணைக்கிறவளுக்கு மனோதத்துவம் எதற்கு என்று சிரிப்பு. அந்தச் சகோதரி சிரிக்கவில்லை. காரணத்தைச் சொன்னார்.

மில் விடுதியில் அவரோடு ஒரு பெண் தங்கியிருந்தாளாம். பத்தொன்பது வயது. சில வாரங்களாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, யாரோடும் பேச்சில்லை. வேலைக்குச் சோம்பல்படுகிறாள் என்றார் சூபர்வைசர். பேய் பிடித்திருக்கிறது என்று திருநீறு பூசினார்கள் வீட்டார். ஒரு நாள் காலை அவள் இல்லை. இந்த உலகத்திலேயே இல்லை.

“பக்கத்துப் பாயில படுத்திருந்தவ நான். அவகிட்ட என்ன பேசணும்னு எனக்குத் தெரியல தோழர்.”

இதைக் கேட்ட பிறகு சிரித்தவர்கள் தலை குனிந்தார்கள். இன்றைய நமது பேச்சு அந்தச் சகோதரியின் கேள்வியைப் பற்றியதுதான்.

*மில்லுக்குள் முன்பே வந்த சாஸ்திரம்*

மனோதத்துவம், இன்று உளவியல் என்று எழுதுகிறார்களே அது, படித்த சீமான்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. 1879-ல் ஜெர்மனியில் லீப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் இதற்கென ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் இதற்குத் தனித் துறை கண்டது. ஐம்பது ஆண்டுகூட ஆவதற்குள் இந்தச் சாஸ்திரம் பஞ்சாலைக்குள் நுழைந்துவிட்டது.

1923-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகருக்கு அருகே ஒரு மில்லில் நூற்புப் பகுதியில் மட்டும் ஆட்கள் நிலைக்கவே இல்லை. வருவார்கள், போவார்கள். எல்டன் மேயோ என்பவரை நிர்வாகம் அழைத்தது. அவர் பார்த்தார். நாள் முழுதும் நின்றபடி, ஒரே வேலையைத் தனியாகச் செய்துசெய்து தொழிலாளிகள் சோர்ந்து, மனம் கசந்து கிடந்தார்கள். இடையிடையே பத்துப் பத்து நிமிடம் படுத்து ஓய்வெடுக்க வழி செய்தார். ஆட்கள் நின்றார்கள், உற்பத்தியும் ஏறியது.

நம் நாட்டிலும் நடந்தது. 1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு லண்டனிலிருந்து ஏ.கே. ரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். தானியங்கித் தறிகளில் ஆளுக்கொரு துண்டு வேலையாகச் சிதறிக் கிடந்தவர்களைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒவ்வொரு குழுவுக்கும் சில தறிகளை முழுப் பொறுப்பாக விட்டுப் பார்த்தார். பலன் கிடைத்தது.

இந்த இரண்டிலிருந்தும் நாம் தெரிந்துகொள்வது என்ன? தொழிலாளியின் மனதை நிர்வாகம் நூறு ஆண்டுகளாகப் படித்துவருகிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மட்டுமே அறிந்த சாஸ்திரமாக அது இருக்கலாமா? இந்தப் பக்கம் இருப்பவரும் அறிய வேண்டாமா? ஆகவே அந்தச் சகோதரியின் ஆசை நியாயமானது. இனி, வழி உண்டா என்று பார்ப்போம்.

*கதவைத் திறந்தவர்கள்*

வேலை செய்துகொண்டே பட்டம் பெறும் ஏற்பாட்டைப் பெரிய அளவில் செய்துகாட்டியது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969-ல் நிறுவப்பட்டது. 1971-ல் பாடம் தொடங்கியது. அதற்காக மந்திரி சபைக்குள் போராடியவர் ஜென்னி லீ என்ற பெண்மணி. ஸ்காட்லாந்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். முன் படிப்பு என்ன என்று கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். பாடம் தபாலில் வந்தது, ரேடியோவில் வந்தது, டெலிவிஷனில் வந்தது. இன்று இணையத்தில் வருகிறது. வேலை செய்பவர் ஆறு ஆண்டுகளில் முடிக்கலாம். அங்கே தரப்படும் மனோதத்துவப் பட்டத்தை அந்நாட்டு உளவியலாளர் சங்கமே அங்கீகரிக்கிறது.

நம் நாட்டில் 1982-ல் ஆந்திரத்தில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1985-ல் டில்லியில் இந்திரா காந்தி பல்கலைக்கழகம், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கண்டக்டர், நர்ஸ், போலீஸ்காரர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் என எத்தனையோ பேர் இவற்றால் படித்தார்கள். மனோதத்துவமும் இந்த வழியில் படிக்கக் கிடைத்தது.

அப்படியானால் சகோதரிக்கு “பணம் கட்டு தங்கச்சி” என்று சொல்லிவிடலாமா? கூடாது.

*மூடப்பட்ட கதவு*

2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் உத்தரவு போட்டது. 2021-ம் ஆண்டுச் சட்டப்படி சுகாதாரத் தொழில் படிப்புகளுக்கென ஒரு தேசியக் கமிஷன் உண்டு. அந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது என்பது உத்தரவு. அந்தப் பட்டியலில் மனோதத்துவமும் இருக்கிறது.

இதில் உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். மனநோயால் தவிப்பவருக்குச் சிகிச்சை தரப்போகிறவர், நோயாளியையே பார்க்காமல், செல்போனைப் பார்த்து மட்டும் தேறிவரலாமா? ஆஸ்பத்திரியில், அனுபவசாலிகளின் மேற்பார்வையில் பயில வேண்டும். ஏழையின் மனம் அரைகுறைகள் கைபழகும் இடமல்ல. பிழையான வைத்தியத்துக்கு முதலில் பலியாகிறவர்கள் நாம்தான். 1992-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு பெறாமல் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய முடியாது என்பதும் இதனால்தான். இளநிலைப் பட்டம் எந்த வழியில் வாங்கினாலும் அது முதல் படிதான். மேற்படிப்பும் நேரடிப் பயிற்சியும் பாக்கி இருக்கின்றன.

ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். கதவை மூடியவர்கள், பக்கத்தில் வேறு கதவைத் திறந்தார்களா? பகல் கல்லூரிக்குப் போக வசதியுள்ளவர் அங்கே போவார். ஷிப்ட் தொழிலாளி எங்கே போவார்? புத்தகப் பாடத்தை இணையத்திலும், நேரடிப் பயிற்சியை விடுமுறை நாட்களில் ஜில்லா ஆஸ்பத்திரியிலும் என்று பிரித்து வைக்க முடியாதா? ஜில்லா மனநலத் திட்டம் 1996 முதலே நாட்டில் இருக்கிறதே! தரம் வேண்டும் என்பது சரி. தரம் வசதியுள்ளவனுக்கு மட்டும் என்பது சரியல்ல.

*நாம் ஏமாந்த கதை*

இந்த இடத்தில் நம் சொந்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாம் மெட்ரிக்கோடு படிப்பை நிறுத்தியவர்கள். இருபத்தைந்து வயதில் ஆசை வந்தது. பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒரு படிப்பு மையம். “பிளஸ் டூ வேண்டாம், நேரே பட்டம்” என்று போர்டு. இரண்டு ஆண்டு பணம் கட்டினோம். மூன்றாம் ஆண்டு போனபோது கதவில் பூட்டு. ரசீதுகள் மட்டும் இன்னும் பெட்டியில் கிடக்கின்றன. அங்கே படித்துப் பட்டம் வாங்கியிருந்தாலும் பயனில்லை. பத்தாவதும் பன்னிரண்டாவதும் தேறாமல் நேரடியாகப் பெற்ற பட்டம் தமிழ்நாட்டில் அரசு வேலைக்குச் செல்லாது என்பது 2009-ல் தெளிவாகிவிட்டது.

ஆகவே சில விஷயங்களை மனதில் வையுங்கள். பிளஸ் டூ தேறாதவர் முதலில் தனித் தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ அதை முடியுங்கள். எந்தப் பாடமானாலும், அந்தப் பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தை அந்த வழியில் நடத்த அந்த ஆண்டுக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பாருங்கள். தெரியாவிட்டால் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். நடுவில் நிற்கும் கம்பெனிக்குப் பணம் கொடுக்காதீர்கள். தம் படிப்பை ஏஜண்டுக்குக் குத்தகை விடப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதியே கிடையாது. “சீட்டு இன்றோடு முடிகிறது” என்று போனில் அவசரப்படுத்துகிறவனை நம்பாதீர்கள்.

சமூகவியல், வரலாறு, பொருளாதாரம் போன்ற பாடங்களுக்குத் தொலைநிலைப் பாதை திறந்தே இருக்கிறது. முறைப்படி அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம், கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழுவே 2022-ல் அறிவித்திருக்கிறது. மனோதத்துவம்தான் வேண்டும் என்பவர், மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ஸ்வயம் இணையதளத்தில் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். அது பட்டம் ஆகாது. பெரும்பாலும் இங்கிலீஷில் வேறு இருக்கிறது. ஆனாலும் அறிவு அறிவுதான்.

*நேரம் யாருடையது?*

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் படிக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. ஆக 3,600 மணி. மூன்று ஆண்டில் முடிக்க வாரத்துக்குச் சுமார் 23 மணி வேண்டும். ஆறு ஆண்டுக்கு நீட்டினால் வாரத்துக்குச் சுமார் 12 மணி.

பன்னிரண்டு மணி ஷிப்ட் பார்ப்பவருக்கு இந்த நேரம் எங்கிருந்து வரும்? போக வர இரண்டு மணி. தூக்கம் ஏழு மணி. மீதி மூன்று மணியில் சமையல், பிள்ளை, துணி, தண்ணீர். நடவுக்குப் போகும் சகோதரியின் கணக்கும் இதுதான். எட்டு மணிக்கு மேல் வாங்கும் வேலை நாளுக்கு நான்கு மணி என்றால் ஆறு நாளைக்கு 24 மணி. தோழர்களே, ஒரு பட்டப்படிப்புக்கு வேண்டிய நேரம் முழுவதும் அந்த 24 மணிக்குள் அடங்கியிருக்கிறது! பறிபோவது தூக்கம் மட்டுமல்ல, ஒரு மனிதர் ஆகியிருக்கக்கூடிய இன்னொரு மனிதரும்தான்.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் அத்தனையும் எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் ஆயிற்று. சட்டத்தில் தடுத்துவிட்டோம். மில்லுக்குள் தடுத்துவிட்டோமா? அதற்குப் பதில் உங்களுக்கே தெரியும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை: எட்டு மணி வேலை நடைமுறையில் வர வேண்டும். தேர்வு நாட்களில் சம்பளத்தோடு லீவு வேண்டும். படிக்கிற தொழிலாளிக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுக்க வேண்டும். தொழில் நகரங்களின் அரசுக் கல்லூரிகளில் மாலை வகுப்பாக மனோதத்துவம் வர வேண்டும், அதுவும் தமிழில்.

இந்தக் கோரிக்கைகள் வெல்லும்வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. பக்கத்துப் பாயில் ஒருவர் தூங்காமல், பேசாமல் கிடந்தால் பேய் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், கேளுங்கள், தனியே விடாதீர்கள், அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசும், தமிழிலும் பேசும். அதை விடுதிச் சுவரில் எழுதி வையுங்கள்.

அந்தச் சகோதரி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். விஷயத்தை அறிந்ததும் முகம் வாடித்தான் போயிற்று. கட்ட வைத்திருந்த பணத்தை முடிச்சோடு திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார். ஆனால் அடுத்த ஞாயிறு விடுதித் திண்ணையில் ஒரு செல்போனைச் சுற்றி ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் தெரிந்த ஒரு பெண் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். மாலைக் கல்லூரி கேட்டு எழுதிய மனுவில் முதல் கையெழுத்தும் அந்தச் சகோதரியுடையதுதான்.

மனு இதோ இந்த மேஜையில் இருக்கிறது. போகும்போது நீங்களும் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் ரேகை வையுங்கள். அடுத்த வாரம் வாருங்கள், கையெழுத்திலிருந்தே படிப்பைத் தொடங்குவோம்.